நிலம் அவருடையது, காடை யாருடையது? விஸ்கான்சின் விவசாயிகளுக்கு ஒரு பேராசிரியர் எடுத்த பாடம்

ஒரு விவசாயியின் மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் ஒரு காடை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அந்தக் காடை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குச் சட்டப்படி ஒரு பதில் இருந்தது. காடை பொதுமக்களுக்குச் சொந்தம். அவர்கள் சார்பில் மாநில அரசு அதைப் பார்த்துக்கொள்ளும். 1896இல் கியர் எதிர் கனெக்டிகட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டித்தான் தீர்ப்புச் சொன்னது. இங்கிலாந்தில் வேட்டை உரிமை நிலப்பிரபுக்கள் கையில் இருந்ததைப் பார்த்து வெறுத்தவர்களின் வாரிசுகள் இல்லையா, அதனால் "விலங்கு எல்லாருக்கும் பொது" என்பது அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு சுதந்திரக் கொள்கை.

சரி. காடை தின்னும் தானியம் யாருடையது? அது பதுங்கும் வேலியோரப் புதர் யாருடையது? பனிக்காலத்தில் அது உயிர் பிழைக்கத் தேவையான ஒரு மூலைப் புல்வெளி யாருடையது? எல்லாம் விவசாயியுடையது. அவர் நினைத்தால் புதரை வெட்டி இன்னும் நாலு வரிசை சோளம் போடலாம். சட்டம் அதைத் தடுக்காது. அதாவது பறவை அரசாங்கத்துடையது, அதன் சாப்பாடும் படுக்கையும் தனியாருடையது. காடையைச் சுடக்கூடாதுன்னு சட்டம் போடலாம். காடைக்கு வீடு கொடுன்னு சட்டம் போடுவது கஷ்டம்.

நில உரிமையாளர்களுக்கான காட்டுயிர்க் கல்வி என்ற ஒரு விஷயம் அமெரிக்காவில் பிறந்ததே இந்த இடைவெளியில்தான். அதை முதலில் முறையாகச் செய்துபார்த்தவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். தன் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில், தான் செய்துவந்த கல்வியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவரும் அவர்தான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தோட்டாக் கம்பெனிகள் கொடுத்த காசு

லியோபோல்ட் 1887இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்துவிட்டு 1909இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் பல வருடங்கள் வேலை. 1924இல் விஸ்கான்சினின் தலைநகரான மேடிசனுக்கு மாற்றலாகி வந்தார். 1928இல் அரசு வேலையை விட்டார்.

அடுத்து அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் சங்கம். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் காரணம் எளிது: பறவை இல்லாவிட்டால் வேட்டை இல்லை, வேட்டை இல்லாவிட்டால் தோட்டா விற்காது. மத்திய மேற்கு மாநிலங்களில் என்னென்ன வேட்டை உயிர்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன, ஏன் குறைகின்றன என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவதுதான் வேலை. 1931இல் அந்த அறிக்கை புத்தகமாக வந்தது.

இந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் கண்டது வேட்டைக்காரர்களின் பேராசையை மட்டும் இல்லை. "சுத்தமான விவசாயம்" என்று பெருமையாகச் சொல்லப்பட்ட ஒன்றையும் கண்டார். வரப்போரப் புதர்களை எரிப்பது, சதுப்பு நிலத்தை வடிகட்டுவது, தோப்புக்குள் மாட்டை விட்டுக் கன்றுகளை மேயவிடுவது. துப்பாக்கி தொடாத இடத்திலும் பறவை காணாமல் போய்க்கொண்டிருந்தது.

1930இல் அவர் தலைமையிலான குழு ஒன்று அமெரிக்க வேட்டை உயிர்களுக்கான கொள்கை ஒன்றை முன்வைத்தது. அதில் முக்கியமான கருத்து, நில உரிமையாளரை வழிக்குக் கொண்டுவராமல் எதுவும் நடக்காது என்பது. அவர்தான் நடைமுறையில் காவலர். அவருக்கு ஏதாவது ஒரு வகையில் பலன் இருக்க வேண்டும். எந்த வகைப் பலன் என்பதை வெவ்வேறு இடங்களில் செய்துபார்த்துக் கற்றுக்கொள்வோம் என்றார்கள்.

ரைலியில் ஒரு டம்ளர் தண்ணீர்

செய்துபார்க்க வாய்ப்பு தானாக வந்தது. 1931இல் மேடிசனுக்குத் தென்மேற்கே ரைலி என்ற சின்ன ஊர்ப் பக்கம் லியோபோல்ட் வேட்டைக்கு இடம் தேடிப் போனார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு பண்ணையில் நின்றார். பண்ணைக்காரர் பெயர் ரூபன் பால்சன்.

பேச்சு வளர்ந்தது. பால்சனுக்கு ஒரு குறை. நகரத்துக்காரர்கள் கேட்காமல் கொள்ளாமல் துப்பாக்கியோடு நிலத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வேலியைச் சேதப்படுத்துகிறார்கள். துரத்தித் துரத்தி அலுத்துப் போச்சு. லியோபோல்டுக்கும் ஒரு குறை. மனசாட்சியோடு வேட்டையாட ஒரு இடம் இல்லை.

இரண்டு குறையையும் சேர்த்துப் போட்டதில் பிறந்ததுதான் ரைலி வேட்டைக் கூட்டுறவு. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நிலத்தைச் சேர்த்தார்கள். மேடிசனிலிருந்து லியோபோல்டும் சில நண்பர்களும் "நகர உறுப்பினர்கள்" ஆனார்கள். காலப்போக்கில் 11 பண்ணைகள், சுமார் 1,700 ஏக்கர் வரை அது வளர்ந்தது.

கணக்கு நேரானது. நகரத்தார் பணம் போடுவார்கள்: பனிக்காலத் தீனிக்கும், விடுவதற்கான ஃபெசன்ட் பறவைகளுக்கும், நடுவதற்கான மரக்கன்றுகளுக்கும். (ஃபெசன்ட் நம்ம காட்டுக்கோழிக்கு உறவுக்காரப் பறவை.) பண்ணைக்காரர்கள் இடம் கொடுப்பார்கள், தீனி போடுவார்கள், அத்துமீறி வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். இலையுதிர் காலத்தில் இரு தரப்பும் சேர்ந்து வேட்டையாடலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. எந்த மூலையை வேலி போட்டு விட்டால் பறவை தங்கும் என்பதை லியோபோல்ட் சொன்னார். அந்த மூலை ஏப்ரலில் எப்படி இருக்கும், மாடு எந்த வழியாக நுழையும் என்பதைப் பண்ணைக்காரர் சொன்னார். பிறகு அவருடைய மாணவர்களும் வந்து பறவைகளை எண்ணினார்கள், எங்கே தங்குகின்றன என்று குறித்தார்கள். அந்த ஊரே ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடம் ஆனது.

பறவை எண்ணிக்கையில் பெரிய அதிசயம் நடந்ததா என்றால், இல்லை. 1935-36 போன்ற கடும் பனிக்காலம் ஒன்று வந்தால் விஸ்கான்சினில் காடைகள் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போகும். அதற்கு எந்தக் கூட்டுறவும் முழுக் காப்பு தர முடியாது. ஆனால் ரைலி தாக்குப்பிடித்தது. பெருமந்தக் காலம் முழுக்க, பிறகு உலகப்போர் காலத்திலும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஆரம்பித்த ஏற்பாடு 15 வருடங்களுக்கு மேல் நீடித்ததே ஒரு தகவல்தான்.

பேராசிரியர் வானொலியில்

1933இல் லியோபோல்டின் "கேம் மேனேஜ்மென்ட்" பாடநூல் வெளியானது. அதே வருடம் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை வேட்டை உயிர் மேலாண்மைப் பேராசிரியராக நியமித்தது. அந்தத் துறைக்கு நாட்டிலேயே முதல் பேராசிரியர் பதவி இதுதான். பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்து வருடத்துக்கு வருடம் 8,000 டாலர் கொடுத்தது.

அவரை எந்தத் துறையில் உட்காரவைத்தார்கள் தெரியுமா? விலங்கியலில் இல்லை. வேளாண் பொருளாதாரத்தில். இது தற்செயல் இல்லை. அவருடைய வேலையில் பாதி விவசாயிகளிடம் பேசுவது.

அப்போது அமெரிக்காவில் இதற்கு ஒரு தயாரான குழாய் இருந்தது. 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணியை நாடு முழுக்க நிறுவியிருந்தது. பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்பதை மாவட்ட அலுவலர் வழியாகப் பண்ணைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. விதை, உரம், பால் மாடு பற்றிய செய்திகள் ஓடிக்கொண்டிருந்த அதே குழாயில் காடையையும் பூநீலக் குருவியையும் அனுப்பினார் லியோபோல்ட்.

பல்கலைக்கழக வானொலியான டபிள்யூ.எச்.ஏ.வில் பேசினார். பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத மாதங்களில் பண்ணை வீட்டு இளைஞர்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்திய குறுகிய காலப் படிப்பில் பாடம் எடுத்தார். 1938இலிருந்து சில வருடங்கள் விஸ்கான்சின் விவசாயிகள் படித்த ஒரு பத்திரிகையில் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதினார்.

அந்தக் கட்டுரைகளில் தத்துவம் கிடையாது. பொந்து உள்ள பட்டமரத்தை வெட்டாதீங்க, அதில் ஆந்தையும் அணிலும் குடியிருக்கும். சோளத் தட்டைக் கட்டில் சிலதை வயலோரம் விட்டுவையுங்க, பனி மூடும்போது பறவைக்கு அதுதான் சாப்பாடு. தோப்புக்குள் மாட்டை விடாதீங்க. சதுப்பு நிலத்துக்குத் தீ வைக்காதீங்க. ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரைப் பக்கம். படித்துவிட்டு எழுந்துபோய்ச் செய்யக்கூடிய அளவு.

பிள்ளைகள் வழியாக அப்பாக்கள்

விரிவாக்கப் பணியில் இருந்தவர்களுக்கு அதற்கும் முன்பே ஒரு ரகசியம் தெரிந்திருந்தது. வயசான விவசாயிக்குப் பல்கலைக்கழகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. "நீ புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்ற" என்பார். ஆனால் பையனுக்குக் கொஞ்சம் நல்ல விதையைக் கொடுத்து, ஒரு துண்டு நிலத்தில் போடச் சொல்லி, அறுவடையில் அப்பாவை ஜெயிக்க வைத்தால்? அடுத்த வருடம் அப்பாவே விதையைக் கேட்பார். 1900களின் தொடக்கத்தில் ஒஹாயோ போன்ற மாநிலங்களில் இப்படி ஆரம்பித்த சோளச் சங்கங்கள், தக்காளிச் சங்கங்கள்தான் பிறகு 4-எச் என்ற பெரிய இளைஞர் இயக்கமாயின. தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களும் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர்.

விஸ்கான்சினில் 4-எச் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் வேக்லின் மெக்நீல். பிள்ளைகளுக்கு அவர் "ரேஞ்சர் மேக்". 1933இலிருந்து 1954 வரை டபிள்யூ.எச்.ஏ. வானொலியின் பள்ளி ஒலிபரப்பில் "அஃபீல்ட் வித் ரேஞ்சர் மேக்" என்ற நிகழ்ச்சியை நடத்தினார். ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்று இருந்த கிராமப் பள்ளிகளில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் கேட்டார்கள். பறவை, பூச்சி, மரம், மண் என்று வாரம் ஒரு விஷயம். வானொலிக்கான பீபாடி விருதையும் அந்த நிகழ்ச்சி வாங்கியது.

இன்னொன்று பள்ளிக் காடுகள். பல்கலைக்கழக வேளாண் கல்லூரித் தலைவர் ஹாரி ரஸ்ஸல் ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் பொது நிலத்தில் மரம் நடுவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் செய்யலாமே என்றார். 1927இல் பள்ளிகள் காட்டு நிலம் வைத்துக்கொள்ள விஸ்கான்சினில் சட்டம் வந்தது. அடுத்த வருடமே மாநிலத்தின் வட பகுதியில் முதல் பள்ளிக் காடுகள் உருவாயின. மரமெல்லாம் வெட்டி முடித்து, அடிக்கட்டைகளும் தீ எரிந்த தடமும் மிச்சம் கிடந்த பிரதேசம் அது. அங்கே பிறந்த பிள்ளைகள் காட்டை முதலில் பார்த்தது தாங்களே நட்ட கன்றாகத்தான்.

1935இல் இன்னொரு படி. இயற்கை வளப் பாதுகாப்பில் போதிய பயிற்சி பெறாத யாருக்கும் அறிவியல், சமூகவியல் ஆசிரியர் உரிமம் கிடையாது என்று விஸ்கான்சின் சட்டமே போட்டது. இந்த மாதிரிச் சட்டம் அப்போது அபூர்வம்.

லியோபோல்டும் 1939இலிருந்து பல்கலைக்கழகத்தில் "வனவிலங்குச் சூழலியல் 118" என்ற பாடத்தை எடுத்தார். காட்டுயிர்த் துறைக்கு வரப்போகிறவர்களுக்கு மட்டும் இல்லை, எந்தத் துறை மாணவரும் படிக்கலாம். அவருடைய தேர்வுக் கேள்விகள் பிரசித்தம். சாலையோரம் ஒரு காட்சியை விவரிப்பார். இந்தச் செடி இருக்கிறது, இந்த மரம் இவ்வளவு உயரம், வேலி இங்கே. இந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது? இனி என்ன நடக்கும்? பெயர்களை மனப்பாடம் செய்து இதற்குப் பதில் எழுத முடியாது. நிலத்தை ஒரு பத்திரம் மாதிரிப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஐந்து வருடம் முடிந்ததும்

இதுவரைக்கும் படித்தால் வெற்றிக் கதை மாதிரி இருக்கும். இனிமேல்தான் சிக்கல்.

தென்மேற்கு விஸ்கான்சின் மலைச்சரிவுப் பிரதேசம். அங்கே மண் அரிப்பு பயங்கரம். 1933இல் அமெரிக்க அரசு தன் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதிச் செயல்விளக்கத் திட்டத்தைக் கூன் வேலி என்ற பள்ளத்தாக்கில் தொடங்கியது. சுமார் 90,000 ஏக்கர். 400க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வேலையில்லா இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு உருவாக்கிய சிசிசி படையினர் கூலி இல்லாமல் வேலை செய்து கொடுப்பார்கள். பதிலுக்கு விவசாயி சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக உழ வேண்டும், செங்குத்தான தோப்புகளில் மாட்டை விடக்கூடாது. லியோபோல்ட் இதில் காட்டுயிர் ஆலோசகர். அவருடைய மகன்களில் இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 1935இல் இந்தத் திட்டத்தைப் பற்றி ரொம்ப நம்பிக்கையோடு ஒரு கட்டுரை எழுதினார்.

பல வருடம் கழித்து, தென்மேற்கு விஸ்கான்சின் முழுவதையும் மனதில் வைத்து அவர் எழுதியதன் சுருதியே வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விவசாயிகள் பெரும்பாலானதை மறந்துவிட்டார்கள் என்கிறார். எது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உடனே லாபம் தந்ததோ அதை மட்டும் தொடர்ந்தார்கள். சரிவில் பட்டை உழவு நின்றது. அது விளைச்சலைக் கூட்டியது. தோப்பிலிருந்து மாட்டை விலக்குவது போன்ற வேலைகள் நிற்கவில்லை. அதில் ஊருக்கு லாபம், ஆற்றுக்கு லாபம், பறவைக்கு லாபம். விவசாயிக்கு உடனடி லாபம் இல்லை.

சரி, விவசாயிகளே விதியை எழுதட்டும் என்று 1937இல் மாநிலம் ஒரு மண் பாதுகாப்பு மாவட்டச் சட்டம் கொண்டுவந்தது. தொழில்நுட்ப உதவி இலவசம், இயந்திரம் இரவல். உங்கள் மாவட்டத்து நிலப் பயன்பாட்டு விதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம், அதற்குச் சட்ட வலு உண்டு. கிட்டத்தட்ட எல்லா மாவட்டங்களும் உதவியை வாங்கிக்கொண்டன. பத்து வருடம் ஆனது. ஒரு மாவட்டம்கூட ஒரு விதிகூட எழுதவில்லை என்று கணக்குச் சொல்கிறார் லியோபோல்ட்.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. பைலட் ப்ராஜெக்ட் ஜோராக ஓடும். நிதி நின்ற மறுநாள் யாரும் தொட மாட்டார்கள்.

கல்வி போதலையா, கல்வியே சரியில்லையா?

இந்த நிலையில் வழக்கமான பதில், "மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரணும், இன்னும் கல்வி வேணும்" என்பது. வாழ்க்கையில் பல வருடங்களை அந்தக் கல்வியில் செலவழித்த மனிதர், அளவைக் கூட்டினால் மட்டும் போதுமா, உள்ளடக்கத்திலேயே ஏதோ குறைகிறதா என்று கேட்டார்.

அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நாம் சொல்லிக்கொடுத்தது இதுதான்: சட்டத்தை மதி, ஓட்டுப் போடு, ஏதாவது ஒரு சங்கத்தில் சேர், உன் நிலத்தில் உனக்கு லாபம் தருகிற பாதுகாப்பைச் செய், மிச்சத்தை அரசு பார்த்துக்கொள்ளும். இதில் ஒருவரிடமும் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எது சரி எது தப்பு என்று சொல்லவில்லை. கேட்காத ஒன்றை அவர்கள் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

லாபத்தைக் காட்டியே எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதற்கு அவர் ஒரு கணக்கும் வைத்திருந்தார். விஸ்கான்சினுக்கே உரிய செடிகொடிகளும் விலங்குகளும் 22,000 வகை. அதில் விற்கவோ தின்னவோ வேறு எதற்காவது பயன்படுத்தவோ கூடியது 5 சதவீதம் தாண்டுமா என்பதே சந்தேகம். "இந்தப் பறவை பூச்சியைத் தின்னும், அதனால் நல்லது" என்று சொல்லியே பழக்கினால், பூச்சி தின்னாத பறவைக்கு என்ன சொல்வது?

எனக்கு இதில் ஒரு முரண் தெரிகிறது. 1938இல் பத்திரிகையில் எழுதிய லியோபோல்டும் பயனைச் சொல்லித்தான் எழுதினார். 1930 கொள்கையும் விவசாயிக்குப் பலன் வேண்டும் என்றுதான் சொன்னது. அப்படியானால் ரைலி ஏன் நின்றது? அங்கேயும் கொடுக்கல் வாங்கல்தானே?

நான் புரிந்துகொள்வது இது. ரைலியில் கொடுக்கல் வாங்கல் அரசுக்கும் ஒரு விவசாயிக்கும் இடையே நடக்கவில்லை. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சின்னக் கூட்டத்துக்குள் நடந்தது. பனிக்காலத்தில் தீனி போட மறந்தால் பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும் பேராசிரியருக்கும் தெரியும். கேட்பார்கள். கடமை என்று யாரும் எழுதிவைக்காமலே ஒரு கடமை அங்கே வந்துவிட்டது. கூன் வேலி ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது, ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கேட்பதற்கு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு

1935இல் லியோபோல்ட் விஸ்கான்சின் ஆற்றோரம் 80 ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார். மண் செத்த பண்ணை. மிச்சம் இருந்த ஒரே கட்டடம் ஒரு கோழிக் கொட்டகை. மனைவி எஸ்டெல்லா, ஐந்து பிள்ளைகளோடு வருடா வருடம் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார். தான் விவசாயிகளிடம் கேட்டதைத் தானே செய்துபார்த்த இடம் அது. 1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்து நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கப் போனபோது மாரடைப்பில் இறந்தார். வயது 61. அவருடைய "எ சாண்ட் கவுண்டி அல்மனாக்" அடுத்த வருடம் வெளிவந்தது. மேலே நான் சொன்ன விமர்சனமெல்லாம் அதில் உள்ள "நில அறம்" பற்றிய கட்டுரையில் இருக்கிறது.

ரைலியின் பாடம் பின்னால் வந்த சில திட்டங்களில் தெரிகிறது. 1980களில் கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களில் ஆரம்பித்த கவர்ட்ஸ் திட்டம் தனியார் காட்டு உரிமையாளர்கள் சிலருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும். அவர்கள் ஊருக்குப் போய்ப் பக்கத்து நிலக்காரரிடம் பேச வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொல்கிறவர் அதிகாரி இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்.

4-எச் இயக்கமும் இளைஞர்களுக்கு வாழிடக் கல்விப் போட்டி ஒன்றை நடத்துகிறது. உண்மையான ஒரு நிலத்தை நடந்து பார்த்து, இங்கே இந்தப் பறவை தங்க என்ன குறைகிறது, உரிமையாளர் என்ன செய்யலாம் என்று திட்டம் எழுத வேண்டும். லியோபோல்டின் தேர்வுத்தாள் போலத்தான். அந்த உரிமையாளர் தங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு.

விமானத்தில் தென்மேற்கு விஸ்கான்சின் மேலே பறந்தால் அந்த வளைந்த பட்டை வயல்களை இன்றும் பார்க்கலாம். லாபம் தந்த பாடம் 90 வருடம் நின்றிருக்கிறது. லாபம் தராத பாடத்தை நிற்கவைக்க என்ன வேணும் என்ற கேள்வியை, காட்டுப்பன்றிக்கும் விவசாயிக்கும் நடுவே நிற்கும் நம்ம ஊர்க்காரர்களும் கேட்டுப் பார்க்கலாம்.